மண்டபத்து நண்டு கூடத்தில் ஆள் ஏன் நிற்பதில்லை: பணியாளர் பற்றும் பண்பாடும்

கேள்வியைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மண்டபம் பக்கம் ஒரு தம்பி நண்டு அவித்துச் சதை எடுத்து ஏற்றுமதிக் கம்பெனிக்குக் கொடுக்கும் கூடம் நடத்துகிறார். எம்.பி.ஏ. படித்தவர். அவரிடம் சுமார் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். சதை எடுப்பது வேதாளை, மரைக்காயர்பட்டினம் பக்கத்துப் பெண்கள். வண்டி, ஐஸ், கொள்முதல் பார்ப்பது உள்ளூர்ப் பையன்கள். அவிக்கும் வேலைக்கும் மூட்டை தூக்கவும் ஒடிசாவிலிருந்து வந்து மாடியில் தங்கியிருக்கும் ஆட்கள். "முன்பணம் கொடுக்கிறேன், பெருநாளுக்கும் தீபாவளிக்கும் கையில் காசு கொடுக்கிறேன். இருந்தும் மீன்பிடித் தடைக்காலம் முடிந்தால் பாதிப் பேர் திரும்புவதில்லை. ஜப்பானில் ஆயுள் முழுக்க ஒரே கம்பெனியாமே, அது அவர்கள் பண்பாடா? நம்மிடம் அந்த விசுவாசம் கிடையாதா? வெளிநாட்டு மனிதவள முறைகளில் எது நம்ம ஊருக்குப் பொருந்தும்?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, நேராகவே சொல்கிறேன். ஆள் நிற்காததற்குப் பண்பாட்டைக் குற்றம் சொல்ல முடியாது. நீங்கள் எதைக் கொடுத்து நிறுத்தப் பார்க்கிறீர்கள் என்பதில்தான் கோளாறு இருக்கிறது. பண்பாட்டுக்கு இதில் இடமே இல்லை என்று சொல்லவில்லை. நிறையவே இருக்கிறது, ஆனால் நீங்கள் தேடுகிற இடத்தில் இல்லை.

ஜப்பானையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானியத் தொழிலாளிக்கு ஓரிடத்தில் தங்காதவன் என்றுதான் பெயர். நூற்பாலைகளுக்கும் பட்டாலைகளுக்கும் கிராமத்துப் பெண்பிள்ளைகளைச் சேர்த்தார்கள். தகப்பன் கையில் முன்பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை ஆலை விடுதியில் அடைத்தார்கள். அப்படியும் ஓடிப்போனவர்கள் ஏராளம். ஆயுள் வேலை என்று இன்று நாம் கேள்விப்படுவது பெரும்பாலும் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு நிலைபெற்ற ஏற்பாடு. அதுவும் சும்மா வரவில்லை. 1950இல் டொயோட்டாவிலும் 1953இல் நிசானிலும் நடந்தவை போன்ற கடுமையான போராட்டங்களைப் பார்த்த பிறகுதான் பெரிய நிறுவனங்கள் நிரந்தர வேலை, பணிமூப்புக்கு ஏற்ற சம்பளம், கம்பெனிக்குள்ளேயே தொழிற்சங்கம் என்ற முறைக்கு உறுதியாக வந்து சேர்ந்தன. அந்தச் சலுகையும் பெரிய நிறுவனங்களின் நிரந்தர ஊழியருக்குத்தான். சின்னப் பட்டறை ஆட்களும் தற்காலிக ஆட்களும் பெண்களில் பெரும்பாலோரும் அதற்கு வெளியேதான் நின்றார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஜேம்ஸ் லிங்கன், ஆர்ன் கேலபெர்க் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1980களின் தொடக்கத்தில் இண்டியானாவிலும் ஜப்பானின் கனகாவா வட்டாரத்திலும் நூறுக்கு மேற்பட்ட தொழிற்சாலைகளில் 8000க்கும் அதிகமான தொழிலாளிகளிடம் கேள்வித்தாள் கொடுத்து ஆராய்ந்தார்கள். ஜப்பானியர்தான் கம்பெனிமேல் உயிரையே வைத்திருப்பார்கள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். வந்த விடை வேறு. கம்பெனிமேல் பற்று என்ற கேள்விகளில் ஜப்பானியர் அமெரிக்கரை மிஞ்சவில்லை. வேலையில் திருப்தி என்று கேட்டால் அமெரிக்கரைவிட நன்றாகவே கீழே இருந்தார்கள். ஆனால் முடிவெடுப்பதில் தொழிலாளிக்குப் பங்கு, மேலே போக வழி, நலத்திட்டம் என்று எந்தெந்த ஆலைகளில் நடைமுறைகள் நன்றாக இருந்தனவோ அங்கெல்லாம் இரண்டு நாட்டிலும் பற்று கூடியிருந்தது. உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1913இல் ஃபோர்டு கார் ஆலையில் ஓராண்டு ஆள் மாற்றம் 370 சதவீதம். ஏறக்குறைய 14,000 இடங்களை நிரப்பி வைக்க 50,000க்கும் மேற்பட்டவர்களை வேலைக்கு எடுக்கவேண்டி வந்தது. 1914 ஜனவரியில் நாள் கூலியை ஐந்து டாலர் வரை உயர்த்தி, வேலை நேரத்தை எட்டு மணியாகக் குறைத்தார்கள். ஓரிரு ஆண்டுகளில் ஆள் மாற்றம் மளமளவென்று இறங்கிவிட்டது. அதே ஊர், அதே மக்கள், அதே பண்பாடு. மாறியவை கூலியும் நேரமும்தான். அந்தக் கூலியை வாங்க வீடு சுத்தமாக இருக்கிறதா, குடிக்கிறானா என்று கம்பெனி ஆள் வீட்டுக்குள் வந்து பார்ப்பான் என்ற நிபந்தனையும் இருந்தது. அதைத் தொழிலாளிகள் வெறுத்தார்கள், சில ஆண்டுகளில் அந்த வழக்கம் ஒழிந்தது. நல்ல சம்பளம் கொடுப்பவர்கள் அடிக்கடி செய்கிற தவறு அது.

இப்போது உங்கள் முன்பணத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

கனடாவைச் சேர்ந்த ஜான் மேயர், நடாலி ஆலன் இருவரும் 1991இல் பணியாளர் பற்றை மூன்றாகப் பிரித்தார்கள். ஒருவர் ஓரிடத்தில் நீடிப்பதற்கு விருப்பம் காரணமாக இருக்கலாம்: இந்த இடம் எனக்குப் பிடிக்கிறது, இது என் இடம். கடமையுணர்வு காரணமாக இருக்கலாம்: இவர்கள் எனக்கு இவ்வளவு செய்திருக்கிறார்கள், விட்டுப்போனால் நன்றாக இராது. வேறு வழியின்மையும் காரணமாக இருக்கலாம்: போனால் நஷ்டம், போக முடியாது. 2002இல் மேயரும் மற்றவர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஒழுங்காக வேலைக்கு வருவது, நன்றாக வேலை செய்வது, சொல்லாமலே கூடக்கொஞ்சம் கை கொடுப்பது எல்லாம் முதல் வகையோடுதான் மிக வலுவாகச் சேர்ந்து நின்றன. மூன்றாம் வகை வேலைத் திறத்தோடு பெரும்பாலும் சேரவில்லை. சேர்ந்த இடத்திலும் எதிர்ப்பக்கமாகத்தான் சாய்ந்தது. வழியில்லாமல் உட்கார்ந்திருப்பவன் உட்கார்ந்துதான் இருப்பான்.

உங்கள் முன்பணம் அந்த மூன்றாம் வகையைத்தான் உண்டாக்குகிறது. ராமேஸ்வரம் விசைப்படகுகளில் இந்த வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. டிரைவருக்கும் கூட வருகிற ஆட்களுக்கும் படகு முதலாளி முன்பணம் கொடுப்பார். தங்கச்சி கல்யாணம், ஆஸ்பத்திரி, வீட்டு ஓடு என்று அது ஏறிக்கொண்டே போகும். அவன் வேறு படகுக்கு மாற வேண்டுமானால் புது முதலாளி பழைய முதலாளியின் பாக்கியை அடைக்க வேண்டும். அதாவது ஆள் மாறுவான், கடன் மாறாது. உங்கள் கூடத்துக்கு வண்டி ஓட்டுகிற பையன்களும் அந்தக் குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள்தான். முன்பணம் என்றால் அவர்களுக்கு அன்பும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. அது ஒரு கணக்கு. அடைக்க இன்னொருவர் வந்தால் போய்விடலாம் என்ற கணக்கு. நீங்கள் விசுவாசத்துக்காகக் கொடுத்தீர்கள், அவர் அதை விலையாக வாங்கிக்கொண்டார்.

நம்ம கரைக்கு இது புதிதும் இல்லை. இன்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிற மண்டபம் முகாம், ஒரு காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்க் கூலிகளை மருத்துவச் சோதனைக்காக நிறுத்தி வைத்த இடம். அவர்களைத் திரட்டிக் கொண்டுபோனவர்கள் கங்காணிகள். பயணச் செலவு, அரிசி, துணி எல்லாம் ஆள் பேரில் கடனாக ஏறும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் துண்டு என்று ஒரு சீட்டு வேண்டும். இன்ன தொகை பாக்கி, அதைக் கட்டினால் இந்த ஆளை விடுவிக்கிறோம் என்று அதில் எழுதியிருக்கும். தோட்டங்கள் ஒன்றுக்கொன்று ஆள் பிடிக்கப் போட்டிபோட்டதில் துண்டுத் தொகை ஏறிக்கொண்டே போனது. ஆள் ஓடுவதும் நிற்கவில்லை. கடைசியில் தோட்ட முதலாளிகளுக்கே அது தாங்காமல், 1921இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். விசைப்படகு முன்பணத்தையும் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உங்களுக்கே விளங்கும்.

வளைகுடாவில் இதே சங்கதிக்குப் பெயர் தடையில்லாச் சான்று, அதாவது வேறு வேலைக்கு மாறப் பழைய முதலாளி தர வேண்டிய சம்மதச் சீட்டு. அங்கே ஒரு கட்டுமான நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் இருந்தபோது, அந்தச் சான்றைக் கொடுக்காமல் நிறுத்தி வைக்கப்பட்ட ஆட்களின் கோப்புகள் என் மேசையில்தான் இருந்தன. நிர்வாகத்துக்கு அது வெற்றி, ஆள் போகவில்லை. ஆனால் அந்த ஆள் அன்றிலிருந்து ஒரு ஆணியைக்கூடத் தன் புத்தியால் அடிக்க மாட்டான். சொன்னதைச் செய்வான், சொல்லாததைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கத்தார் 2020இல் வேலை மாற முதலாளியின் சான்று தேவையில்லை என்று சட்டத்தை மாற்றியது. சவூதி 2021இல் ஒப்பந்த விதிகளைத் தளர்த்தியது. அங்கே முழுச் சுதந்திரம் வந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆளைக் காகிதத்தால் கட்டி வைப்பதன் விலை அந்த அரசுகளுக்கே தெரிந்துவிட்டது என்கிறேன்.

நம் மாநிலத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நடந்ததும் இதேதான். தென்மாவட்டத்துக் கிராமத்துப் பெண்பிள்ளைகளை மூன்றாண்டு வேலை செய்யவைத்து, முடிவில் ஒரு தொகை தருவோம், கல்யாணத்துக்கு உதவும் என்றார்கள். உழைத்த கூலியைப் பிடித்து வைத்து ஆளை நிறுத்துவதைத் திட்டம் என்று அழைத்தார்கள். இதைப் பண்பாட்டுக்கு ஏற்ற நடைமுறை என்று நியாயப்படுத்தியவர்களை நான் நேரில் கேட்டிருக்கிறேன். எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது. தாலியையும் சீரையும் காட்டி ஆள் பிடிப்பதற்குப் பண்பாடு என்று பெயர் வைக்கக் கூடாது.

சரி, பண்பாடு எங்கேதான் வருகிறது?

கடமையுணர்வில் வருகிறது. நான் சொன்ன 2002ஆம் ஆண்டுத் தொகுப்பிலேயே இது தெரிகிறது. கடமையுணர்வால் வரும் பற்று, வட அமெரிக்காவுக்கு வெளியே நடந்த ஆய்வுகளில் நல்ல வேலையோடு கூடுதலாகச் சேர்ந்திருந்தது. நம்ம பக்கம் அந்தக் கடமை கம்பெனி என்ற பெயர்ப்பலகைமேல் விழாது. ஒரு மனிதர்மேல் விழும், அவரோடு சேர்ந்த குடும்பத்தின்மேல் விழும். கீழக்கரையைப் பாருங்கள். பி.எஸ். அப்துர் ரஹ்மான் 1973இல் துபாயில் ஈ.டி.ஏ. நிறுவனத்தைத் தொடங்கிய பிறகு, இந்தக் கரையோர ஊர்களின் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே வேலைக்குப் போனார்கள். அந்தத் தலைமுறையில் வளைகுடா வேலை என்றால் ஊர்க்காரர் சிபாரிசுதான். விமானம் ஏறுகிறவனிடம் வீட்டில் சொல்லி அனுப்பும் வார்த்தை ஒன்று உண்டு: "காக்கா பேரைக் கெடுத்துறாதே." காக்கா என்றால் இங்கே அண்ணன், சிபாரிசு செய்தவர். எந்தப் பணிநியமன உத்தரவிலும் இவ்வளவு அழுத்தமான விதி கிடையாது.

அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். காக்கா பேர் கெடக் கூடாது என்பதாலேயே, சம்பளம் தள்ளிப்போனாலும் மேற்பார்வையாளர் திட்டினாலும் அந்தப் பையன் வாய் திறக்க மாட்டான். ஒரு நாள் ஊருக்கு விடுமுறையில் போவான், திரும்பி வரமாட்டான். நிர்வாகம் திகைத்து நிற்கும். உங்கள் கூடத்திலும் இதுதான் நடக்கிறது என்று ஊகிக்கிறேன். தடைக்காலம் முடிந்ததும் பெண்கள் வரவில்லை என்கிறீர்கள். அவர்கள் தடைக்காலத்தில் விட்டுப்போகவில்லை. அதற்கு முன்பே மனசில் விட்டுவிட்டார்கள், சொல்லிக்கொள்ள மரியாதையான ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஆகவே குறையை எப்படிக் கேட்பது என்பதில் பண்பாடு பெரிய வேலை செய்கிறது. ஜெர்மனியில் ஐந்து பேர் வேலை செய்யும் இடத்திலேயே தொழிலாளிகள் தங்கள் சார்பில் நிர்வாகத்தோடு பேச ஒரு பணிமன்றத்தைத் தேர்ந்தெடுக்கலாம். 2000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் தரப்புக்கு என்று 1976இல் சட்டமே வந்தது. அங்கே முதலாளியின் எதிரில் உட்கார்ந்து இது சரியில்லை என்று சொல்வது அவமரியாதை ஆகாது. இங்கே நீங்கள் சுவரில் ஒரு குறைதீர்ப்புப் பெட்டி மாட்டினால் அதில் சிலந்திதான் குடியிருக்கும். எழுதிப் போட்டால் கையெழுத்து தெரியும், யார் என்று தெரியும், தெருவில் பேச்சு வரும். ஆனால் அதே பெண்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? தவணை ஒரு நாள் பிந்தினால் தலைவியையே நிற்கவைத்துக் கேட்கிறார்கள். பேசத் தெரியாதவர்கள் அல்ல. பேச இடம் வேண்டும், தனியாளாக மாட்டிக்கொள்ளாத இடம். வாரம் ஒரு நாள் வேலை முடிவதற்கு அரைமணி முன்பாக, கூலி வெட்டாமல், அவர்களே தேர்ந்தெடுத்த ஒரு அக்காவின் தலைமையில் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் அங்கே இருக்க வேண்டாம். முடிவை அந்த அக்கா வந்து உங்களிடம் சொல்லட்டும். ஜமாஅத்தையோ ஊர்த் தலைவரையோ இதற்குள் இழுக்காதீர்கள். கூலி விவகாரம் அங்கே போனால் பெண்கள் பேச்சு வெளியே வராது.

மாதச் சிறந்த ஊழியர் என்று படம் மாட்டியதாகவும் எழுதியிருந்தீர்கள். தனித்துத் தெரிவதைப் பெருமையாக நினைக்கும் ஊர்களில் அது நடக்கும். இங்கே ஒரே தெருவிலிருந்து ஒரே ஆட்டோவில் வரும் எட்டுப் பெண்களில் ஒருத்தியின் படத்தை மாட்டினால், மறுநாள் அந்த ஆட்டோவில் அவள் பக்கத்தில் யாரும் பேச மாட்டார்கள். பரிசை மேசை வாரியாக, குழு வாரியாகக் கொடுங்கள்.

கீர்ட் ஹோஃப்ஸ்டெட் என்ற டச்சு ஆய்வாளரின் அட்டவணையை எம்.பி.ஏ.வில் படித்திருப்பீர்கள். 1967க்கும் 1973க்கும் இடையில் ஐ.பி.எம். ஊழியர்களிடம் பல நாடுகளில் எடுத்த கணக்கெடுப்பிலிருந்து வந்தது அது. அதில் இந்தியாவுக்கு அதிகார இடைவெளியில் (மேலிருப்பவர் கையில் அதிகாரம் குவிவதை மக்கள் ஏற்கும் அளவு) 77, தனிமனிதப் போக்கில் (குழுவைவிடத் தன்னை முன்வைக்கும் அளவு) 48 என்று இருக்கும். பெரிய மனிதரை எதிர்த்துப் பேசத் தயங்குவார்கள் என்ற அளவில் அது உதவும். அதற்குமேல் நம்பாதீர்கள். ஐ.பி.எம். அலுவலகத்தில் இருந்தவருக்கும் உங்கள் மேசையில் நண்டு உடைப்பவருக்கும் பொதுவான சராசரி என்று ஒன்று கிடையாது. ராமநாதபுரம் கடற்கரையையே ஒரு பண்பாடு என்று சொல்ல முடியாது. தங்கச்சிமடத்தில் சந்தியாகப்பர் திருவிழா, ஏர்வாடியில் சந்தனக்கூடு, ராமேஸ்வரத்தில் ஆடி அமாவாசை என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நாட்காட்டி. விடுமுறைப் பட்டியலை நீங்கள் தனியாக உட்கார்ந்து போட்டால் நிச்சயம் தப்பாகும்.

பாட்னாவில் பணியாற்றிய ஜே.பி.பி. சின்ஹா என்ற உளவியலாளர் 1980 வாக்கில் இந்திய நிறுவனங்களைப் பார்த்துச் சொன்ன ஒரு கருத்து அட்டவணைகளைவிடப் பயனுள்ளது. இங்கே எடுபடும் தலைவர் வெறுமனே பாசம் காட்டுகிறவர் இல்லை. வேலையை ஒழுங்காகச் செய்கிறவர்மேல் பாசம் காட்டுகிறவர், ஆள் தேறத் தேறப் பொறுப்பை அவர் கையிலேயே விட்டுவிடுகிறவர். நம்ம கரைவலைச் சம்மாட்டிகளில், அதாவது வலைச் சொந்தக்காரர்களில், பேர் எடுத்தவர்கள் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். வலை இழுக்கும்போது அவர் வாயில் வருவது காதுகொடுத்துக் கேட்க முடியாது. ஆனால் இழுக்கிறவன் வீட்டில் காய்ச்சல் என்றால் முதலில் வந்து நிற்பதும் அவர்தான். நீங்கள் பாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பொறுப்பைக் கைமாற்றுவதை விட்டுவிட்டீர்கள். ஐந்து வருடமாகச் சதை தரம் பிரிக்கும் அக்காவுக்கு, இந்த நண்டு தேறாது, திருப்பி அனுப்பு என்று சொல்லும் அதிகாரம் இன்னும் கிடையாது என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது.

எந்தப் பண்பாட்டிலும் மாறாத ஒன்றுக்கு வருகிறேன். கணக்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்தக் கரையில் வேறொரு கூடத்துக்கு ஆலோசனை சொல்லப் போயிருந்தேன். பெண்கள் எடுத்த சதையை எடை போடும் மின்தராசு மேற்பார்வையாளர் பக்கமாகத் திரும்பியிருந்தது. பெண்கள் தட்டை வைப்பார்கள், அவர் ஒரு எண்ணைச் சொல்லி நோட்டில் எழுதுவார், அடுத்த தட்டு. அங்கே ஒருவரும் ஏமாற்றவில்லை, நான் சரிபார்த்தேன், எழுதியதெல்லாம் சரியான எடை. ஆனால் ஒரு பெண்கூட அதை நம்பவில்லை. தினமும் சாயங்காலம் முணுமுணுப்பு. தராசைத் திருப்பி வைக்கச் சொன்னேன். எண் இரண்டு பக்கமும் தெரிகிற தராசு பிறகு வந்தது. ஒவ்வொருத்தருக்கும் ஒரு சின்ன அட்டை, அவர்கள் எடையை அவர்கள் கையிலேயே எழுதித் தருவது என்று ஆனது. "இப்ப எடை எங்க கண்ணுக்குத் தெரியுதுல்ல, பிறகு என்ன சண்டை" என்றார் அங்கிருந்த ஒரு லாத்தா (அக்கா). கூலி ஒரு பைசா கூடவில்லை.

இதை வெளிநாட்டிலிருந்து கற்க வேண்டியதில்லை. நாட்டுப்படகில் பங்குமுறை அப்படித்தானே நடக்கிறது. மீன் ஏலம் போன விலை எல்லார் காதிலும் விழுகிறது. எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழிகிறது. படகுக்கு இத்தனை பங்கு, வலைக்கு இத்தனை, ஆளுக்கு இத்தனை என்று கரையிலேயே முடிகிறது. கடல் கொடுக்காத நாளில் ஆளுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் ஏன் இல்லை என்று அவனுக்குத் தெரியும். அந்தக் குடும்பத்துப் பெண்தான் உங்கள் கூடத்தில் வந்து மூடிய நோட்டின் முன்னால் நிற்கிறாள்.

பெருநாள் காசையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சட்டப்படி போனஸ் குறைந்தது 8.33 சதவீதம். உங்கள் அளவுக் கூடத்தில் அது தகுதியுள்ள தொழிலாளியின் உரிமை. அதைக் கவரில் போட்டு, முதலாளி மனசு வைத்துக் கொடுத்தது போல நீட்டுகிறீர்கள். வாங்குகிறவருக்கு அது உரிமை என்று பக்கத்துக் கம்பெனிக்காரர் சொல்லித் தெரிந்த அன்று, நீங்கள் பல வருடம் சேர்த்த நல்ல பெயர் ஒரே நாளில் போய்விடும். உரிமையை உரிமையாகக் கொடுங்கள், சீட்டு எழுதிக் கணக்கோடு கொடுங்கள். வருங்கால வைப்புநிதியும் அப்படித்தான். அதற்குமேல் ஒரு புடவையோ பிரியாணியோ கொடுத்தால் அது அன்பளிப்பு, அதற்குத் தனி மதிப்பு வரும். ஜாம்ஷெட்பூர் டாடா இரும்பாலையில் எட்டு மணி நேர வேலை 1912இல் வந்தது, வைப்புநிதி 1920இல் வந்தது. இந்தியாவில் சட்டம் கேட்பதற்குப் பல ஆண்டு முன்பு. அந்த ஆலைக்கு இருந்த பெயரில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. சட்டம் கேட்டபிறகும் கொடுக்காமல் இருந்துவிட்டு விசுவாசத்தைக் கேட்க முடியாது.

ஒடிசாக்காரர்களைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்: "அவங்க பிரச்சினை இல்லை, சொன்னதைச் செய்வாங்க." எனக்கு அங்கேதான் கவலை. அவர்கள் உங்களிடம் வேலைக்கு வரவில்லை. தங்களை அழைத்துவந்த ஒப்பந்தக்காரரிடம் வேலைக்கு வந்திருக்கிறார்கள். சம்பளத்தை அவர் கையில் கொடுக்கிறீர்கள், அவர் பிடித்தம்போக மிச்சத்தைக் கொடுக்கிறார். கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று தோட்டம் காசு கொடுத்ததுபோல நீங்களும் கொடுக்கிறீர்கள். நூறு வருடத்துக்கு முன்பு நம்ம ஊர் ஆட்கள் மன்னாரைத் தாண்டிப் போய் நின்ற நிலையில் இன்று அவர்கள் உங்கள் மாடியில் நிற்கிறார்கள். அவரவர் வங்கிக் கணக்கில் நேராகச் சம்பளத்தைப் போடுங்கள். ஐக்கிய அரபு எமிரேட்டில் 2009இலிருந்து தனியார் நிறுவனங்கள் வங்கி வழியாகத்தான் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள், அரசு அதைக் கண்காணிக்கவும் செய்கிறது. அங்கே நான் பார்த்த மாற்றங்களில் தொழிலாளியின் முகத்தில் உடனே தெரிந்தது இது ஒன்றுதான். ஒப்பந்தக்காரருக்கு உரியதைத் தனியாகக் கொடுங்கள், ஆளின் சம்பளத்திலிருந்து வேண்டாம்.

அவர்கள் ஊருக்குப் போகும் காலமும் உங்கள் தடைக்காலமும் ஒன்றாக வருவதில்லை. ரத யாத்திரை ஆனி, ஆடியில் வரும், விசைப்படகுகள் கடலுக்குத் திரும்பிக் கூடத்தில் வேலை குவிகிற நேரம் அது. ராமேஸ்வரத்திலிருந்து புவனேஸ்வருக்கு வாரம் ஒரு ரயில். எல்லாரும் ஒரே வாரத்தில் கேட்டால் உங்களுக்குத் திண்டாட்டம், யாருக்கும் கொடுக்கவில்லை என்றால் அடுத்த ரயிலில் சொல்லாமல் ஏறிவிடுவார்கள். இரண்டு அணியாகப் பிரித்து, இந்த வருடம் போகாதவர்களுக்கு அடுத்த வருடம் முதலிடம் என்று இப்போதே எழுதி ஒட்டுங்கள், அவர்கள் படிக்கிற எழுத்தில். போகவர டிக்கெட்டைக் கம்பெனி எடுத்துக் கொடுக்கட்டும். வளைகுடாவிலிருந்து எடுத்துக்கொள்ளத் தகுந்த நல்ல வழக்கம் அது.

உள்ளூர்ப் பையன்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அவர்களில் பாதிப் பேர் பாஸ்போர்ட் எடுத்து வைத்துக்கொண்டுதான் வேலைக்கு வருகிறார்கள். அவர்களைப் பிடித்து வைக்க முயலாதீர்கள். இரண்டு வருடம் இருப்பான் என்று எடுத்துக்கொண்டு, கனரக வாகன உரிமமோ குளிர்பதன இயந்திர வேலையோ கற்றுக்கொடுங்கள். கற்றுக்கொண்டு போகிறவன் தன் தம்பியை உங்களிடம் அனுப்புவான்.

கடைசியாகத் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு நண்டு நின்றுபோகிறது, நாட்டுப்படகு நண்டு மட்டும் வருகிறது. வேலை பாதியாகிறது, நீங்கள் பாதிப் பேரை அனுப்பிவிடுகிறீர்கள். ஜூனில் அவர்கள் விசுவாசமாகத் திரும்பி வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். அரசாங்கமே மீனவக் குடும்பத்துக்குத் தடைக்கால நிவாரணம் என்று 8000 ரூபாய் கொடுக்கிறது. உங்கள் கூடம் என்ன கொடுக்கிறது? பாதிப் பேரை முழு நாளுக்கு வைக்காமல் எல்லாரையும் பாதி நாளுக்கு வையுங்கள், ஆட்டோச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்கு ஆகும் பணத்தை இன்று முன்பணமாகப் பலர் கையில் முடங்கிக் கிடக்கும் தொகையோடு ஒப்பிட்டு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். புது முன்பணத்தை நிறுத்திவிடலாம். பழைய பாக்கியைச் சம்பளத்தில் கடுமையாகப் பிடிக்காமல், மாதாமாதம் சிறுகக் கழித்து முடியுங்கள். அவசரச் செலவுக்கு வைப்புநிதியிலிருந்தும் குழுக் கடனிலிருந்தும் எடுக்க வழிகாட்டுங்கள். பாக்கி முடிந்த அன்றே, இனி உங்களுக்கும் எனக்கும் கடன் இல்லை என்று நோட்டில் கையெழுத்துப் போட்டு அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். அப்படியும் எத்தனை பேர் ஜூன் 15ஆம் தேதி வந்து நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து எனக்கு எழுதுங்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் மேற்கொண்டு பேச முடியும்.